கேட்பதும் வேண்டுவதும்

உஸ்தாதைப் பார்த்து மாணவர் கேட்கக் கூடாத கேள்வி என்று நாம் ஓதிய காலத்தில் ஒன்று இருந்தது. 'இந்தக் கிதாபை ஓதி முடித்தால் என்ன கிடைக்கும்?' என்பதே அது. வாய்விட்டுக் கேட்டவர் எவரையும் நாம் கண்டதில்லை. மனத்துக்குள் கேட்டுக்கொண்டவர்கள் இருந்திருக்கலாம், அவர்களுள் சிலர் ஒரு நாள் காலையில் பெட்டியை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனார்கள், திரும்பி வரவில்லை. இன்று அக்கேள்வி வெளிப்படையாகவே கேட்கப்படுகிறது. மாணவர் கேட்குமுன் அவருடைய தகப்பனார் கேட்டுவிடுகிறார். அவர் கேட்குமுன் கல்லூரியின் விளம்பரமே விடையைக் கூறிவிடுகிறது: இன்ன பாடம், இத்தனை ஆண்டு, இன்ன வேலை, இவ்வளவு சம்பளம்.

அவ்விளம்பரங்களைக் குறை கூறுவதற்காக நாம் எழுதுகோலை எடுக்கவில்லை. பல்கலைக்கழகங்கள் மாணவரைத் தேடி ஓட வேண்டிய காலம் இது. நம் தமிழகத்தில் 1984ஆம் ஆண்டு தொடங்கிச் சுயநிதிப் பொறியியற் கல்லூரிகள் எழுந்தன. முதலில் இடத்துக்காக மாணவர்கள் காத்திருந்தார்கள். பிறகு மாணவர்களுக்காக இடங்கள் காத்திருக்கலாயின. கட்டடவியல் படிக்க ஆளில்லை, இயந்திரவியல் படிக்க ஆளில்லை என்று அவ்வகுப்புகளைச் சுருக்கிக் கணினி வகுப்புகளைப் பெருக்கிக்கொண்ட கல்லூரிகள் பல. ஒரு பிரிவில் இத்தனை பேருக்கு மேல் சேர்க்கலாகாது என்றிருந்த வரம்பும் 2024-25ஆம் கல்வியாண்டு முதல் நீக்கப்பட்டுவிட்டது. கலைக் கல்லூரிகளில் வரலாறும் தத்துவமும் தேய, வணிகவியல் வளர்கிறது. மாணவர் தாமே பாடங்களைத் தெரிந்தெடுக்கும் முறை 2015க்குப் பின் பல்கலைக்கழகந்தோறும் பரவியது. 2016 முதல் நடுவண் அரசே கல்வி நிலையங்களை வரிசைப்படுத்திப் பட்டியல் வெளியிடுகிறது. 2020இல் கொள்ளைநோய் வந்து வகுப்பறைகளைப் பூட்டியபோது பாடம் கைப்பேசிக்குள் புகுந்தது. நோய் தணிந்த பின்னும் அதில் ஒரு பகுதி அங்கேயே தங்கிவிட்டது.

இவ்வளவு மாற்றங்களுக்கும் ஒரே காரணம் கூறப்படுகிறது: மாணவரின் தேவை. அச்சொல்லைத்தான் நாம் சற்று நிறுத்தி விசாரிக்க விரும்புகிறோம். மாணவர் கேட்பதெல்லாம் அவருடைய தேவைதானா? தேவைதான் என்றால், அதைத் தீர்மானிக்க ஆசிரியர் எதற்கு? தேவை அன்று என்றால், அவர் கேட்பதைக் காதில் வாங்காமலிருக்க ஆசிரியருக்கு உரிமை ஏது?

நம் உஸூல் கலையை ஓதியவர்களுக்கு இவ்விசாரணை புதிதன்று. ஹிஜ்ரி 790இல் மறைந்த இமாம் ஷாத்திபீ (ரஹ்) மனித நலன்களை மூன்று படிகளாக வகுத்தார்கள். இல்லாவிடில் வாழ்வே குலைந்துபோகும் என்பவை ளரூரிய்யாத்; இல்லாவிடில் வாழலாம், ஆனால் இடுக்கண் நேரும் என்பவை ஹாஜிய்யாத்; இருந்தால் வாழ்வு அழகுபெறும் என்பவை தஹ்ஸீனிய்யாத். இம்மூன்றுக்கும் வெளியே நிற்பது ஒன்று உண்டு. அது ஹவா, மன இச்சை. மனிதனை அவன் இச்சையின் பிடியிலிருந்து வெளிக்கொணர்வதே மார்க்கத்தின் நோக்கங்களுள் ஒன்று என்பது அவ்விமாமின் கருத்து. ஹாஜத்தும் ஹவாவும் ஒரே வாயிலிருந்து ஒரே குரலில் கேட்கப்படுகின்றன என்பதுதான் இடர்ப்பாடு. 'எனக்கு இது வேண்டும்' என்னும் சொல்லை மட்டும் கேட்டு, உள்ளே பேசுவது எது என்று கூறிவிட முடியாது.

நோயாளி கேட்கும் மருந்தையெல்லாம் கொடுப்பவர் வைத்தியர் அல்லர் என்று உவமை கூறி, ஆசிரியர்கள் இவ்விடத்தில் பேச்சை முடித்துக்கொள்வது வழக்கம். நாமும் மேடைகளில் அவ்வாறு முடித்திருக்கிறோம். அவ்வுவமை நமக்கு வசதியானது. ஆனால் பாதிதான் உண்மை. வைத்தியர் மருந்தைத் தாமே தீர்மானிக்கிறார், சரி. அதற்குமுன் நோயாளியின் நாடியைப் பிடித்துப் பார்க்கிறார், எங்கே வலிக்கிறது என்று கேட்கிறார். நாம் கேட்டோமா?

இமாம் ஸர்னூஜி (ரஹ்) இயற்றிய 'தஃலீமுல் முதஅல்லிம்' என்னும் சிறு நூலை நம்மில் பலர் இளமையில் ஓதியிருப்போம். முற்காலத்து மாணவர்கள் எந்தக் கலையைக் கற்பது என்பதைத் தம் உஸ்தாதிடமே விட்டுவிட்டார்கள், அதனால் நோக்கத்தை எய்தினார்கள். இக்காலத்து மாணவர்களோ தாமே தெரிந்தெடுக்கிறார்கள், அதனால் எய்தாமற்போகிறார்கள் என்னும் கருத்து அதில் உண்டு. 'இக்காலம்' என்று அவர்கள் குறிப்பிட்டது எண்ணூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட காலத்தை! அதற்குச் சான்றாக ஒரு செய்தியும் கூறுகிறார்கள். இமாம் புகாரீ (ரஹ்) முதலில் இமாம் முஹம்மது இப்னு ஹஸன் (ரஹ்) அவர்களிடம் தொழுகைப் பாடத்தைத் தொடங்கினார்களாம். உமது இயல்புக்கு ஹதீஸ் கலையே பொருந்தும் என்று அவர்கள் அனுப்பிவைத்தார்களாம். ஆண்டுக் கணக்குப் பார்த்தால் இச்செய்தி நிற்காது. முஹம்மது இப்னு ஹஸன் மறைந்தது ஹிஜ்ரி 189இல். இமாம் புகாரீ பிறந்ததோ 194இல். ஆயினும் இதை நம் உஸ்தாதுமார் வாஞ்சையோடு எடுத்துச் சொல்லிவந்ததற்குக் காரணம் உண்டு. ஆசிரியர் தம் கலையைப் போற்றிப் பிடித்துக்கொள்ளவில்லை. மாணவரின் இயல்பை நோக்கினார். வேறொரு கலைக்கு அவரை வழியனுப்பினார். ஆசிரியரே தீர்மானிக்க வேண்டும் என்று வாதிடுகிறவர்கள் இப்பின்பாதியை மறந்துவிடுகிறார்கள். மாணவரை விட்டுக்கொடுக்கத் துணிந்த ஆசிரியருக்கே மாணவருக்காகத் தீர்மானிக்கும் தகுதி உண்டு. ஒரு மாணவர் குறைந்தால் தன் வருமானம் குறையும் என்றிருக்கும் கல்லூரிக்கு அத்தகுதி எளிதில் வாய்ப்பதில்லை.

இனிப் போட்டியைப் பற்றி. போட்டி என்றாலே இழிவு என்று நாம் கருதவில்லை. நன்மைகளில் ஒருவரையொருவர் முந்திக்கொள்ளுமாறு திருமறையே ஏவுகிறது (2:148). அதே திருமறையில், பெருக்கிக் காட்டும் ஆசை மனிதர்களை மண்ணறை காணும்வரை பராக்காக்கிவிடுவதைக் கண்டிக்கும் அத்தியாயமும் இருக்கிறது (102). இஸ்திபாக் வேறு, தகாஸுர் வேறு. ஒரு கல்லூரி நல்ல ஆசிரியரை நியமித்தது கண்டு மற்றொரு கல்லூரியும் நல்ல ஆசிரியரைத் தேடினால் அது முன்னது. ஒரு கல்லூரி ஆயிரம் பேரைச் சேர்த்தது கண்டு மற்றது இரண்டாயிரம் பேரைச் சேர்த்தால் அது பின்னது. இரண்டிலும் ஓட்டம் ஒன்றுபோலவே தோன்றும்.

மாணவர்கள் எங்கே திரள்கிறார்கள், ஏன் திரள்கிறார்கள் என்பதை நம் முன்னோருள் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களைப்போல் கூர்ந்து நோக்கியவர் அரியர். கி.பி. 1091இல் பாக்தாதின் நிஜாமிய்யா மதரஸாவுக்கு ஆசிரியராக அமர்த்தப்பட்டவர்கள் அவர்கள். அக்காலத்தில் அதைவிடப் பெரிய கல்விப் பதவி எதுவும் இல்லை எனலாம். தம்மிடம் முந்நூறு மாணவர்கள் பாடம் கேட்டதாக அவர்களே எழுதுகிறார்கள். 'இஹ்யா'வின் முதற் பகுதியான அறிவு பற்றிய நூலில் அவர்கள் ஒரு குறையைச் சுட்டுகிறார்கள். எத்தனையோ ஊர்களில் முஸ்லிம் வைத்தியர் ஒருவர்கூட இல்லை. வைத்தியமோ ஊரில் யாரேனும் கற்றாக வேண்டிய பர்ளு கிஃபாயா. ஆனால் அதைக் கற்க ஒருவரும் முன்வருவதில்லை. எல்லாரும் ஃபிக்ஹின்மீது, அதிலும் குறிப்பாக வாதக் கலையின்மீது, விழுந்தடித்துக்கொண்டு போகிறார்கள். அக்கலை வல்லவர்களோ ஊரில் நிறைந்து கிடக்கிறார்கள். காரணம் என்ன? வைத்தியம் கற்றால் வக்ஃபு நிர்வாகம் கைக்கு வராது. அநாதைகளின் சொத்தைப் பரிபாலிக்கும் அதிகாரம் கிட்டாது. காஜிப் பதவி கிட்டாது. இதுவே அவர்கள் கூறும் காரணம்.

கவனியுங்கள்: மார்க்கச் சட்டம் படிக்கப் போகிறார்கள் என்பதற்காக ஒரு மார்க்க இமாம் மகிழவில்லை. தம் வகுப்பு நிறைந்திருப்பதைக் கண்டு, ஊருக்கு வேண்டிய வேறொரு வகுப்பு காலியாயிருப்பதை எண்ணி வருந்துகிறார்கள். தம்மையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. தாம் பாடம் நடத்துவது இறைவனுக்காகவா புகழுக்காகவா என்று தம் நெஞ்சையே கேட்டார்கள். கிடைத்த விடை அவர்களை உறங்கவிடவில்லை. 1095இல் அப்பதவியை விட்டு வெளியேறினார்கள். முந்நூறு மாணவர்கள் நிறைந்த வகுப்பு, அதன் ஆசிரியருக்கே நற்சான்றாகத் தோன்றவில்லை. சேர்க்கை எண்ணிக்கையைச் சுவரொட்டியில் அச்சிடுகிற நம் காலத்துக்கு இது விளங்காது.

இக்கேள்விகள் அனைத்தும் ஓர் இடத்தில் ஒருசேர நிகழ்ந்து, ஒரு நூற்றாண்டுக்காலம் நம் கண்முன் விடை தேடியதைக் காண விரும்பினால் காஹிராவின் அல்அஸ்ஹரைத்தான் காண வேண்டும். பாத்திமிய்யாக்கள் கி.பி. 970இல் கட்டத் தொடங்கிய பள்ளிவாசல் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில்கூட அங்கு நுழைவுத் தேர்வு இல்லை, வருகைப் பதிவு இல்லை, வகுப்புப் பிரிவு இல்லை. ஒவ்வொரு தூணருகிலும் ஓர் ஆசிரியர் அமர்ந்திருப்பார். மாணவர்கள் அவரைச் சுற்றி வட்டமாக அமர்வார்கள். மக்ரிபிலிருந்தும் ஷாமிலிருந்தும் ஜாவாவிலிருந்தும் வந்த மாணவர்கள் தத்தம் ரிவாக்குகளில் தங்கி, ஜிராயா என்னும் ரொட்டிப் பங்கைப் பெற்று ஓதினார்கள். ஓதி முடித்ததற்கு அடையாளம் உஸ்தாது தம் கையால் எழுதித் தரும் இஜாஸா.

இதில் ஓர் அழகு இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. எந்தத் தூணருகே அமர்வது என்பது மாணவரின் விருப்பம். பாடம் சுவைக்கவில்லையென்றால் எழுந்து அடுத்த தூணுக்குப் போகலாம். மாணவர் தெரிந்தெடுக்கும் உரிமை புதிதாக வந்ததென்று இன்றையப் பல்கலைக்கழகங்கள் பெருமை பேசுவதைக் கேட்கும்போது நமக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால் ஒன்று. எல்லாத் தூண்களருகிலும் ஒரே வகையான பாடமே நடந்தால், எழுந்து போவதற்கு உரிமை இருந்தென்ன?

முஹம்மது அப்துஹு அவர்களின் இளமைக் கதை இதற்குச் சாட்சி. 1849இல் பிறந்த அவர்களை 1862இல் தந்தையார் தன்தாவிலுள்ள அஹ்மதீ பள்ளிவாசலில் ஓதச் சேர்த்தார். அங்கே ஆஜுரூமிய்யாவும் அதன் விரிவுரையும் தொடங்கின. நம் நாட்டிலும் பலர் அரபு இலக்கணத்துக்குள் நுழைந்த வாசல் அச்சிறு நூல். ஒன்றரை ஆண்டு கேட்டும் தமக்கு ஒன்றுமே விளங்கவில்லை என்று பிற்காலத்தில் அவர்கள் எழுதினார்கள். இலக்கணக் கலைச்சொற்களை ஆசிரியர்கள் பொழிந்தார்களே தவிர, அச்சொல்லின் பொருள் இதுவென்று அறியாதவருக்கு ஒருவரும் விளக்கவில்லை. சிறுவர் ஓடிப்போனார், உறவினர் வீட்டில் ஒளிந்துகொண்டார், பயிர்த்தொழிலே போதும் என்று முடிவு செய்தார். தந்தை மறுபடி வற்புறுத்தி அனுப்ப, வழியிலேயே தப்பித் தந்தையின் தாய்மாமன் ஷைகு தர்வீஷ் அவர்களிடம் போய்ச் சேர்ந்தார். அம்முதியவர் அதட்டவில்லை, ஒரு சிறு ஏட்டை எடுத்து, சில வரிகளை வாசிக்கச் செய்து, அவற்றின் பொருளை எளிய சொற்களில் கூறினார். மறுநாளும் அப்படியே. சில நாட்களில் அச்சிறுவருக்குப் புத்தகத்தைத் தவிர வேறெதுவும் பிடிக்கவில்லை.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போன நம் பழைய தோழர்களை இக்கதை நமக்கு நினைவூட்டுகிறது. அவர்களுக்கு ஷைகு தர்வீஷ் ஒருவர் வாய்த்திருந்தால்? ஓடிப்போகும் மாணவரும் ஏதோ ஒன்றைக் கேட்டுவிட்டுத்தான் ஓடுகிறார். அக்கேள்வியை அவர் சொல்லால் கேட்பதில்லை.

அல்அஸ்ஹருக்குப் போட்டி வெளிநாட்டிலிருந்து வந்ததாகப் பலர் எண்ணுகிறார்கள். நெப்போலியனின் படையெடுப்பிலிருந்து கதையைத் தொடங்குவது வழக்கமாகிவிட்டது. உண்மையில், அதன் மாணவர்களை இழுத்துக்கொண்ட போட்டி அடுத்த தெருவில் எழுந்தது. அலீ முபாரக் அவர்களின் முயற்சியால் 1872இல் தாருல் உலூம் தோன்றியது. அரசுப் பள்ளிகளில் அரபு கற்பிக்க ஆசிரியர் வேண்டியிருந்தது. அவர்களுக்கு அரபோடு கணிதமும் பூகோளமும் தெரிந்திருக்க வேண்டியிருந்தது. அல்அஸ்ஹர் அத்தகையோரை உருவாக்கவில்லை. ஆகவே அல்அஸ்ஹரின் மாணவர்களையே எடுத்துத் தாருல் உலூம் உருவாக்கியது. அதே 1872இல்தான் அல்அஸ்ஹரில் முதன்முதலாகப் பட்டத் தேர்வுக்குச் சட்டம் வந்தது. 1907இல் காஜிகளைப் பயிற்றுவிக்கத் தனிக் கல்லூரி ஒன்று எழுந்தது. மறு ஆண்டே அல்அஸ்ஹருக்கு இன்னொரு சட்டம் வந்தது. 1908 டிசம்பரில் எகிப்தியப் பல்கலைக்கழகம் திறக்கப்பட்டது. 1902 முதல் அல்அஸ்ஹரில் ஓதிக்கொண்டிருந்த கண்பார்வையற்ற மாணவர் ஒருவர் அங்கே போய்ச் சேர்ந்தார். 1914இல் அபுல் அலா அல்மஅர்ரீயைப் பற்றி ஆய்வுரை எழுதி அங்கு டாக்டர் பட்டம் பெற்றார். அவர்தாம் தாஹா ஹுஸைன்.

போட்டி வந்த பிறகே சட்டம் வருவதை இந்த ஆண்டுகளின் வரிசையில் காணலாம். உள்ளிருந்தோர் செவிமடுக்காத தேவை ஓய்ந்துபோய்விடவில்லை; தனக்கென்று ஒரு கட்டடம் கட்டிக்கொண்டது. அதன் பிறகு செய்த மாற்றங்கள் மாணவரை நோக்கிச் செய்யப்பட்டவை அல்ல, எதிர்க் கட்டடத்தை நோக்கிச் செய்யப்பட்டவை. இவ்வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். எதிராளியைப் பார்த்து மாறுகிறவர் எதிராளியிடம் உள்ளதைத்தான் கொண்டுவருவார். மாணவரிடம் இல்லாதது எது என்று அவர் பார்ப்பதில்லை.

இடையில் ஒருவர் அப்படிப் பார்த்தார். ஓடிப்போன அதே சிறுவர், 1895இல் அல்அஸ்ஹரின் நிர்வாகச் சபையில் அமர்ந்தார். அப்துஹு அவர்களின் சீர்திருத்தம் என்றால் கணிதமும் வரலாறும் பூகோளமும் சேர்த்ததையே எல்லாரும் கூறுவர். அது பாதிக் கதை. ஆசிரியரின் ஊதியத்தை ஒழுங்குபடுத்தினார்கள். மாணவரின் ரொட்டிப் பங்கையும் தங்கும் இடத்தையும் சீர்செய்தார்கள். நோயுற்ற மாணவரைக் கவனிக்க மருத்துவரை ஏற்படுத்தினார்கள். ரிவாக்குதோறும் சிதறிப் பூச்சியரித்துக்கொண்டிருந்த ஏடுகளை ஒன்றுசேர்த்து நூலகமாக்கினார்கள். தொடக்க மாணவரை ஹாஷியாக்களின் பாரத்திலிருந்து விடுவித்தார்கள். 1896இன் சட்டத்தில் கலைகள் மகாஸித் என்றும் வஸாஇல் என்றும் பிரிக்கப்பட்டன. எது அடைய வேண்டிய இலக்கு, எது அதற்கு ஏணி என்பது எழுத்தில் வந்தது. தன்தாவில் ஒன்றரை ஆண்டு விழித்துக்கொண்டிருந்த சிறுவரின் கை இச்சட்டத்தில் தெரிகிறதல்லவா?

அவர்களுக்கும் எதிர்ப்பு இருந்தது. கதீவின் வெறுப்பு ஒருபுறம், ஷைகுமாரின் ஐயம் மறுபுறம். 1905இல் சபையிலிருந்து விலகினார்கள். அதே ஆண்டு ஜூலையில் மறைந்தார்கள். ஷைகுமாரின் ஐயத்தை வெறும் பிடிவாதம் என்று நாம் ஒதுக்கமாட்டோம். நூல்களைப் பெருக்கி, காலத்தைச் சுருக்கி, தேர்வை முன்னே நிறுத்தினால் மாணவர் தேர்வுக்காகவே படிப்பார் என்று அவர்கள் அஞ்சினார்கள். மனனத்துக்காகச் சுருக்க நூல்கள் பெருகுவது கல்வியைக் கெடுக்கும் என்று இப்னு கல்தூன் (ரஹ்) பதினான்காம் நூற்றாண்டிலேயே எச்சரித்திருந்தார்கள். இன்று பல்கலைக்கழக வாசலில் விற்கும் வினா-விடைப் புத்தகங்களைப் பார்க்கிறவர்கள் அவ்வச்சத்தைப் பழிக்க முடியாது.

பின்னர் 1930இல் அல்அஸ்ஹர் உஸூலுத்தீன், ஷரீஅத், அரபு மொழி என மூன்று கல்லூரிகளாயிற்று. 1961இல் வந்த 103ஆம் சட்டம் மருத்துவம், பொறியியல், விவசாயம், வணிகம் ஆகியவற்றையும் உள்ளே கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு பெண்களுக்கென்று கல்லூரி திறந்தது. ஆயிரம் ஆண்டு காத்திருந்த நீதி அது, அதைப் பற்றி நமக்கு மாற்றுக் கருத்தில்லை. மார்க்கம் கற்ற மருத்துவர், மார்க்கம் கற்ற பொறியாளர் என்பது அச்சட்டத்தின் கனவு. இமாம் கஸ்ஸாலி அவர்களின் குறையைத் தீர்க்க வந்தது போன்ற கனவு. அங்கிருந்து நல்ல மருத்துவர்கள் வெளிவந்தார்கள், மருத்துவமனைகள் எழுந்தன.

ஆனால் இன்னொன்றும் நடந்தது. மதிப்பெண்ணைக் கொண்டு இடம் பங்கிடப்படும்போது, மிகுந்த மதிப்பெண் பெற்றவர் மருத்துவத்துக்கும் மருந்தியலுக்கும் போனார். குறைந்த மதிப்பெண் பெற்றவர் எஞ்சிய இடங்களுக்குப் போனார். எவ்வித்தைக்காக அப்பள்ளிவாசலில் தூணோரங்கள் நிறைந்திருந்தனவோ அவ்வித்தைகளின் இடங்களும் அந்த எஞ்சியவற்றுள் சேர்ந்தன. கஸ்ஸாலி அவர்களின் காலத்தில் எல்லாரும் ஃபிக்ஹை நோக்கி ஓடினார்கள், வைத்தியத்துக்கு ஆளில்லை. ஒன்பது நூற்றாண்டுக்குப் பின் திசை மட்டும் மாறிவிட்டது. ஓடச் செய்தது அன்றும் இன்றும் ஒன்றுதான்: எதில் பதவி உண்டு, எதில் ஊதியம் உண்டு என்பது. ஃபிக்ஹ் இழிந்துவிடவில்லை, வைத்தியம் உயர்ந்துவிடவுமில்லை. மாணவரின் கூட்டத்தைப் பார்த்து ஒரு கலையின் மதிப்பை அளந்தால் இரு காலத்திலும் ஏமாந்திருப்போம். பாடங்களைச் சேர்த்ததால் வந்த குறையென்று இதை நாம் கருதவில்லை. சேர்த்தபின், பழைய பாடத்துக்கு நல்ல மாணவர் வருவதற்கு என்ன செய்வது என்று போதிய அளவு எண்ணாததால் வந்த குறை.

காஹிராவைப் பற்றி இவ்வளவு பேசியதற்குக் காரணம், அங்கு பேரளவில் நடந்தது நம் ஊர்களின் அரபிக் கல்லூரிகளில் சிற்றளவில் நடந்துகொண்டிருப்பதே. சென்னைப் பல்கலைக்கழகத்தின் அஃப்ஸலுல் உலமா தேர்வை நம் மதரஸா மாணவர்கள் எழுதத் தொடங்கியபோதே இது தொடங்கிவிட்டது. 2022இல் பல்கலைக்கழக மானியக் குழு ஒரே காலத்தில் இரண்டு பட்டங்களுக்குப் படிக்கலாம் என்று அறிவித்தது. ஆலிம் ஸனதும் பட்டப்படிப்பும் ஒருங்கே என்று அறிவிக்கும் மதரஸாக்கள் இன்று பெருகியிருக்கின்றன. பக்கத்து ஊரில் அப்படி அறிவித்தால், நம் ஊர் முதவல்லிக்கு அடுத்த வாரமே உறக்கம் போய்விடுகிறது.

இவ்விஷயத்தில் நாம் வெளியே நின்று பேசுபவர் அல்லர். ஆகவே நம்முடைய கணக்கையும் கூறிவிடுவதே நேர்மை.

சில ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் ஓதி ஸனது பெற்ற இளைஞர் ஒருவர், ஒரு சிற்றூர்ப் பள்ளியில் இமாமாகச் சேர்ந்தார். நல்ல நினைவாற்றல் உள்ளவர். ஒரு விடுமுறையில் நம்மைக் காண வந்தார். முகம் வாடியிருந்தது. காரணம் கேட்டோம். 'ஹஜ்ரத், மீராஸ் பங்கு என்றால் எந்தச் சிக்கலானாலும் பிரித்துக் கொடுத்துவிடுவேன். ஆனால் ஜமாஅத்தார் அதைக் கேட்பதில்லை. பங்குச் சந்தையில் போட்ட பணத்துக்கு ஜகாத் எப்படி என்கிறார்கள். வேலை பார்க்கும் கம்பெனி பிடித்து வைக்கும் சேமநிதிக்கு என்ன ஹுக்மு என்கிறார்கள். இன்சூரன்ஸ் என்கிறார்கள். அவர்கள் சொல்வது என்ன என்றே எனக்குப் புரியவில்லை, பிறகல்லவா பதில்? தெரியாது என்று சொல்லிச் சொல்லி, இப்போது அவர்கள் கேட்பதையே விட்டுவிட்டார்கள்' என்றார்.

கடைசி வாக்கியம் நம்மைச் சுட்டது. இவர் ஓதிய காலத்தில் ஒரு நாள், 'கிதாபுல் புயூஃ' பாடத்தில், இக்காலத்துக் கொடுக்கல் வாங்கலைப் பற்றிக் கேட்டிருந்தார். 'அதெல்லாம் முஃப்திகள் பார்த்துக்கொள்வார்கள். இபாரத்தைச் சரியாக வாசியும்' என்று நாம் அவரை அமர்த்திவிட்டோம். இபாரத்தை அவர் சரியாகவே வாசித்தார். அவர் கேட்டது ஹவா அன்று, ஹாஜத் என்பதை அறிய நமக்கு அத்தனை ஆண்டு பிடித்தது. இடுக்கண் அவருக்கு மட்டும் நேரவில்லை; ஒரு மஹல்லாவே தன் இமாமிடம் கேட்பதை விட்டுவிட்டது.

நிர்வாகிகளிடம் பேசினோம். வங்கியிலிருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரை வியாழக்கிழமைகளில் வரச்செய்தோம். அவர் பலகையில் எழுதிப் பங்கு என்றால் என்ன, கடன் பத்திரம் என்றால் என்ன, காப்பீட்டு ஒப்பந்தத்தில் எழுதியிருப்பது என்ன என்று விளக்குவார். பிறகு நாம் ஷிர்கத், ஸலம், கரர் ஆகிய பாடங்களைத் திறப்போம். ஆயிரம் ஆண்டுக்கு முன் எழுதிய நூல்கள் அப்போதுதான் மாணவர்களின் வாயைத் திறந்தன. நமக்கே சில இடங்கள் அன்றுதான் விளங்கின என்பதை ஒப்புக்கொள்ள வெட்கமில்லை. இதைச் செய்யாமலிருந்ததே தவறு என்பதில் ஐயமில்லை.

ஆயினும் நேரம் வானத்திலிருந்து இறங்குவதில்லை. அந்த வியாழக்கிழமை மணிகள் வேறு எதிலிருந்தோதான் எடுக்கப்பட வேண்டும். அரபு யாப்பான அரூள் கலையிலிருந்து எடுத்தோம். எவரும் எதிர்க்கவில்லை. தேர்வில் அதற்கு மதிப்பெண் சொற்பம். இமாமத்துக்கு அதனால் பயனில்லை. பக்கத்து மதரஸாக்கள் பலவும் அதைக் கைவிட்டிருந்தன. தஹ்ஸீனிய்யாத்தைச் சேர்ந்ததை ஹாஜிய்யாத்துக்காக விட்டுக்கொடுத்தோம் என்று நம் மனத்துக்கு உஸூல் முறைப்படி சமாதானமும் கூறிக்கொண்டோம். சமாதானம் சரியானதுதான். நாம் இன்றும் அவ்வாறே முடிவு செய்வோம்.

அவ்வாண்டு வகுப்பில் ஒரு மாணவர் இருந்தார். படிப்பில் நடுத்தரம். தமிழ் வெண்பா எழுதிப் பழகியவர். பள்ளியில் தமிழாசிரியரிடம் சீரும் தளையும் கற்றுவந்தவர். அரபுக் கவிதையின் தவீல், பஸீத் ஆகிய ஓசைகளைத் தமிழ்ச் சீர்களோடு ஒப்பிட்டு எழுதிய ஒரு குறிப்பேடு அவரிடம் இருந்தது. பாடம் நின்ற வாரத்தில் அவர் நம் அறை வாசலில் வந்து நின்றார். குறை கூறவில்லை. 'இனி அந்தப் பாடம் எப்போது வரும் ஹஜ்ரத்?' என்று மட்டும் கேட்டார். வராது என்று சொல்ல நமக்கு நா எழவில்லை. பார்க்கலாம் என்றோம். பலருடைய தேவைக்காக ஒருவருடைய தேவையை எடுத்தபோது, அந்த ஒருவரை நாம் எண்ணிக்கூடப் பார்த்திருக்கவில்லை. நாற்பது பேர் வகுப்பில் ஒருவர் என்பது கணக்கில் சிறிது. அவருடைய பக்கத்தில் நின்று பார்த்தால், முழு மதரஸாவும் அவருக்கு அதுதான்.

பல்கலைக்கழகங்கள் பாடப்பிரிவுகளை மூடும்போது, 'சேர்க்கை போதவில்லை' என்று ஒரு வரியில் அறிவித்துவிடுகின்றன. மூடுவது சில வேளை தவிர்க்க முடியாததே. வாசலில் வந்து நின்ற அந்த மாணவர் யார், அவருக்கு வேறு எந்த வழி செய்தோம் என்று அவ்வறிவிப்பில் இரண்டாவது வரி ஒன்று இருக்க வேண்டும் என்பது நம் கருத்து. மூடியவரே அதற்குப் பொறுப்பாளர், நாமும் மூடியவர்தாம்.

இப்போது வாரத்தில் இரண்டு நாள் அஸருக்குப் பின் அவர் வருகிறார். பள்ளியின் உட்புறத் தூணோரமாக அமர்ந்து, விட்ட இடத்திலிருந்து அரூள் ஓதுகிறோம். நேரப்பட்டியலில் இது இல்லை, தேர்வும் இல்லை. மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்வரை நடக்கும். அவருக்குக் காமில் என்னும் ஓசை இன்னும் பிடிபடவில்லை. நமக்கு அவர் காட்டும் தமிழ்த் தளை பிடிபடவில்லை. சென்ற வாரம் அவரோடு இன்னொருவரும் வந்திருந்தார்.